பிப்ரவரியில் திறந்திருக்கும் கடை

பின்லாந்தின் போர்வோ நகருக்குச் செல்பவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுக்கிறார்கள். ஆற்றின்மேல் ஒரு பழைய பாலம். அதில் நின்று பார்த்தால் கிழக்குக் கரையில் வரிசையாக மரக் கிடங்குகள், காய்ந்த குருதியின் சிவப்பில். அவற்றின் பின்னால் மேட்டில் ஏறிச்செல்லும் மரவீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே தேவாலயத்தின் செங்குத்தான கூரை. கீழே கிடங்குகள் தலைகீழாக நீரில் கிடக்கின்றன. ஜூன் மாதத்து முற்பகலில் நானும் என் சித்தப்பா மகனும் அந்தப் பாலத்தில் நின்று, எந்தக் கடையில் காப்பி குடிப்பது என்று ஏறத்தாழ அரைமணிநேரம் விவாதித்தோம். அற்பமான விவாதம்தான். ஆனால் ஊருக்குத் திரும்பியபின்னும் அது என்னை விடவில்லை. விட்டிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

தம்பி ஹெல்சின்கிக்குப் பக்கத்திலுள்ள எஸ்போவில் மென்பொருள் துறையில் இருப்பவன். போர்வோ அங்கிருந்து கிழக்கே, ஹெல்சின்கியிலிருந்து கணக்கிட்டால் ஐம்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒரு மணிநேரம். அவன் முன்பே கைபேசியில் ஆராய்ந்து ஒரு தரவரிசையோடு வந்திருந்தான். "அண்ணா, ஆத்துமேலயே மிதக்கிற மாதிரி மேடை போட்டிருக்கான். எல்லாரும் அங்கதான் உட்காருவாங்க. வியூ அங்கதான்" என்றான். எல்லாரும் அங்கே உட்காருவார்கள் என்பதே எனக்குப் போதுமான தடையாக இருந்தது. ஆனால் அது வெறும் முரண்டு. அதற்கு மேலான காரணம் ஏதும் அப்போது என்னிடம் இல்லை. காரணங்கள் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

முதலில் மிக எளிமையான ஒன்று. அந்த மிதவை மேடையில் அமர்ந்தால் சிவப்புக் கிடங்குகள் நமக்கு முதுகுப்பக்கம் போய்விடுகின்றன. எந்தக் காட்சிக்காக வந்தோமோ அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எதிர்க்கரையைப் பார்க்கிறோம். எதிர்க்கரையில் இருப்பவை பிற்காலத்து மரவீடுகள். பழைய கிடங்குகளின் வடிவத்தை ஒத்திருக்கவேண்டும் என்று யோசித்து நல்லமுறையில் கட்டியிருக்கிறார்கள், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கவிதையின் உள்ளே போய் அமர்ந்துகொண்டு அதன் உரையை வாசிப்பதுபோன்ற நிலை அது. கிடங்குகளைப் பார்க்கவேண்டுமென்றால் மேற்குக் கரைக்குப் போகவேண்டும். அதிலும் காலையில் போய்ப் பயனில்லை. கிடங்குகளின் முகப்பு மேற்குநோக்கியது. முற்பகலில் வெயில் அவற்றின் பின்னாலிருந்து வருவதால் சுவர்கள் இருண்டு தட்டையாகத் தெரியும். மாலையில்தான் ஒளி நேராக விழுந்து அந்தச் சிவப்பை மூட்டிவிடும். ஜூனில் அங்கே பத்தரை மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது என்பதால் மாலை என்பது மிக நீண்ட பொழுது. ஆக காட்சி மட்டுமே வேண்டுமென்றால் விடை எளிது. மாலை ஏழு மணிக்குமேல் மேற்குக் கரையில் புல்லில் உட்காரலாம், காப்பிக்கடையே தேவையில்லை.

அப்படியென்றால் நாம் கடையிடம் கேட்பது காட்சியை அல்ல. வேறொன்றை. அது என்ன என்பதுதான் கேள்வி.

போர்வோவைப் பற்றிச் சற்று சொல்லியாகவேண்டும். பதினான்காம் நூற்றாண்டிலேயே நகரமாக இருந்த ஊர். பின்லாந்தில் துர்க்குவுக்கு அடுத்த பழமை அதற்குத்தான். சுவீடிஷ் மொழியில் அதன் பெயர் போர்கோ. 'போர்க்' என்றால் கோட்டை, 'ஓ' என்றால் ஆறு. பின்னிஷ் நாவில் அது போர்வோ என்று மருவியது. பெயரைச் சொல்லும்போதே ஆற்றையும் சொல்லிவிடுகிறோம். இன்று ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களின் தாய்மொழி சுவீடிஷ். தெருப்பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கின்றன. 1809இல் ருஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டர் பின்லாந்தின் பிரதிநிதிகளைக் கூட்டி உறுதிமொழி பெற்றதும் அளித்ததும் இவ்வூர் தேவாலயத்தில்தான். சுவீடனின் கீழைப்பகுதியாக இருந்த ஒரு நிலம், தன்னைத் தனியானதொரு நாடாக எண்ணத் தொடங்கிய இடம் என்று அதைச் சொல்வார்கள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது அரசியல் வரலாறு அல்ல. இவ்வூர் எத்தனைமுறை இல்லாமலாகியிருக்க வேண்டியது என்னும் கணக்கு.

1760இல் பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. ஒரு வீட்டின் சமையலறையில் மீன் சூப் காய்ச்சிய அடுப்பிலிருந்து தீ பரவியது என்பது ஊர் வழக்கு. எரிந்த ஊரை மக்கள் மீண்டும் மரத்திலேயே கட்டினார்கள், பழைய வளைந்த தெருக்களின் தடத்திலேயே. ஆகவே இன்று நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் தீக்குப் பிந்தையவை, தெருக்கள் இடைக்காலத்தவை. உடல் மாறி உயிர் தொடர்ந்தது என்று சொல்லலாம். பிறகு 1832இல் கார்ல் லூத்விக் எங்கெல் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு திட்டம் வரைந்தார். ஹெல்சின்கியின் செனட் சதுக்கத்தை உருவாக்கிய பெரும் கலைஞர் அவர். பழைய ஊரை முழுக்க இடித்துவிட்டு நேர்கோட்டுத் தெருக்களாலான ஒரு புதிய நகரத்தை அமைப்பது திட்டம். தீப்பிடிக்கும் மரவீடுகளின் நெரிசலைக் கண்டு அஞ்சிய காலம், அவர்மேல் பழியில்லை. தெற்கே ஒரு பகுதி அப்படி அமையவும் செய்தது. அகன்ற தெருக்களும் அளவெடுத்த வீடுகளுமாக அது இன்றும் இருக்கிறது. பழைய பகுதியை இடிக்க ஊரார் ஒத்துழைக்கவில்லை. திட்டம் தூங்கிப்போயிற்று.

ஆண்டுகள் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 1764ஆம் ஆண்டின் பழைய நகர மன்றத்துக்கே ஆபத்து வந்தபோது அதற்காகக் குரல்கொடுத்தவர்களில் முதன்மையானவர் லூயி ஸ்பார்ரே. ஓர் ஓவியர், சுவீடனிலிருந்து வந்தவர், பிரபு குடும்பத்தவர். போர்வோவில் 1897இல் ஐரிஸ் என்னும் பெயரில் அறைகலன்களும் மட்கலங்களும் செய்யும் தொழிற்கூடத்தைத் தொடங்கியவர். அழகான பொருட்களைச் செய்தார்கள், ஐந்தே ஆண்டுகளில் மூடினார்கள். ஒரு ஊரின் அழகை அங்கேயே பிறந்தவன் காண்பதற்கு வெளியூர்க்காரனின் கண் தேவைப்படுகிறது என்பது எவ்வளவு சங்கடமான உண்மை. சுற்றுலாப் பயணியைக் கேலிசெய்து எழுத முற்படும்போதெல்லாம் எனக்கு ஸ்பார்ரேயின் நினைவு குறுக்கே வருகிறது.

துர்க்குவுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே மரவீடுகளும் பழைய கட்டடங்களும் வேகவேகமாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. அந்த நடைமுறைக்கே 'துர்க்கு நோய்' என்று பின்னிஷ் மொழியில் பெயர் வந்துவிட்டது. ஒரு நகரத்தின் பெயரை நோய்க்கு வைப்பது போல் தண்டனை வேறில்லை. போர்வோ பிழைத்தது ஓரளவு அன்பினால், ஓரளவு அசிரத்தையால். எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது.

இனி அந்தக் கிடங்குகள். பின்னிஷ் மொழியில் 'ஆய்த்தா' என்கிறார்கள். நம் பக்கத்துச் சொல்லில் பண்டகசாலை. ஆற்றுவழியாகக் கடலிலிருந்து வந்த சரக்கை இறக்கி வைக்கவும் உள்நாட்டிலிருந்து வந்ததை ஏற்றவும் கட்டியவை. அந்தக் காலத்தில் பின்லாந்தின் துறைமுகங்களுக்குக் கப்பலில் வந்தவற்றில் உப்புக்கு முதலிடம். உப்பில்லாமல் மீனும் இறைச்சியும் குளிர்காலத்தைத் தாண்டாது. ஆக இக்கட்டடங்கள் ஆற்றைப் பார்ப்பதற்காக ஆற்றை நோக்கி நிற்கவில்லை. வாங்குவதற்காக நீட்டிய கை போல நிற்கின்றன. சரக்குக்குக் காற்றும் நிழலும்தான் வேண்டும், காட்சி வேண்டாம். அதனால் சுவர்கள் மூடியவை, திறப்புகள் சிறியவை, கணப்பு கிடையாது.

சிவப்பும் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் வருகையை ஒட்டிப் பூசினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். மன்னர் வருகிறார் என்றால் சுவருக்கு வண்ணமடிப்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான மரபு போலும். ஆனால் அந்தப் பூச்சு வடநாடுகளில் ஏழையின் பூச்சு. சுவீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கத்துக் கழிவிலிருந்து கிடைத்த இரும்புச் செம்மண், தண்ணீர், அன்னபேதி, ரை தானியத்தின் மாவு. எல்லாவற்றையும் சேர்த்துக் கஞ்சி போல மணிக்கணக்காகக் காய்ச்சுவார்கள். மாவுதான் பசை. எண்ணெய் வண்ணத்தைப்போல மரத்தின்மேல் தோலாகப் படியாது. மரத்தை மூச்சுவிட அனுமதிக்கும். உதிர்ந்தால் சுரண்டாமல் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம். உணவுக்கான மாவைச் சுவருக்கும் கொஞ்சம் ஊட்டி வளர்த்த வீடுகள் அவை.

மாணவர்களுக்குத் திணையைப் பாடம் நடத்தும்போது முதற்பொருளை எளிதில் புரியவைத்துவிடலாம். மலை, காடு, வயல், கடல் என்று படம் போட்டுக்காட்டினால் போதும். கருப்பொருளுக்கு வரும்போதுதான் வகுப்பு சோர்வடையும். உணவு, பறை, தொழில், யாழ் என்று ஏதோ பட்டியல் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் முதற்பொருள் வெறும் நாட்காட்டிப் படம். போர்வோவின் பாலத்தில் நின்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தது முதற்பொருளை மட்டும்தான். உப்பும் மாவும் இல்லாத ஆறு. அழகிய காட்சியுள்ள காப்பிக்கடை என்று நாம் தேடும்போது நாம் எதை விலைக்குக் கேட்கிறோம் என்பது அங்கே எனக்குத் துலங்கத் தொடங்கியது.

பழைய நகரின் சுவர்களை இஷ்டம்போல மாற்ற அனுமதியில்லை. ஆகவே காட்சிக்கான பசி சுவரை உடைத்துக்கொண்டு வராமல் வெளியே நீர்மேல் வளர்கிறது. கோடையில் மிதவைகள், குடைகள், கயிறு கட்டிய மேடைகள். செப்டம்பருக்குப் பின் அவை ஒவ்வொன்றாக மடங்கும். இது இயல்புதான், அந்தக் குளிரில் வெளியே யார் அமர்வார்கள்? ஆனால் ஊர் என்பது செப்டம்பருக்குப் பின்னும் இருக்கிறது. பழைய போர்வோவில் சில நூறு பேர் இப்போதும் வசிக்கிறார்கள். அந்தச் சந்துகளில் நடக்கும்போது சன்னல்விளிம்பில் வைத்த பூச்சட்டிக்குப் பின்னால் ஒரு கை திரையைச் சரிசெய்வதைக் கண்டேன். கண்காட்சி அல்ல, யாரோ ஒருவருடைய வரவேற்பறை. நான் சட்டென்று கண்ணை விலக்கிக்கொண்டேன்.

இப்படியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வர, தம்பி பொறுமையிழந்து, "சரிண்ணா, அப்போ எந்தக் கடைங்கறீங்க?" என்றான். பசித்திருந்தான். நியாயமான கேள்வி. நான் கிடங்கு வரிசையில் ஒரு தாழ்ந்த வாசலைக் காட்டினேன். உண்மையில் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

குனிந்து நுழையவேண்டியிருந்தது. உள்ளே கண் பழகச் சற்று நேரமாயிற்று. தடித்த உத்தரங்களில் கோடரியின் வெட்டுத்தடங்கள் அப்படியே இருந்தன. ஆறேழு மேசைகள். ஆற்றின் பக்கம் ஒரே ஒரு சிறு சன்னல். அதன் வழியே தெரிந்தது ஒரு முழ அகலத்துக்கு ஆறு. அந்த ஆற்றுக்கு நீலநிறமும் கிடையாது. களிமண் நிலத்தின் வழியே வருவதால் கலங்கிய பழுப்பு, நம் ஊர்ச் செம்புலப் பெயல்நீருக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரு படகின் கயிறு தொய்ந்து இறுகித் தொய்ந்தது. அவ்வளவுதான் காட்சி. தம்பி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை.

காப்பி வெளிர் வறுவல். பின்லாந்துக்காரர்கள் அப்படித்தான் குடிக்கிறார்கள். உலகிலேயே தலைக்கு மிக அதிகமாகக் காப்பி அருந்தும் நாடுகளில் ஒன்று, ஆண்டுக்கு ஆளுக்குப் பத்துக் கிலோ அளவில் கொட்டை. நம் கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷனுக்குப் பழகிய நாக்குக்கு அது காப்பியின் நினைவு போலத்தான் இருக்கும். ஆனால் அந்த மக்கள் காப்பிக்காகப் பட்டபாடு சிறிதல்ல. சுவீடனின் ஆட்சியில் இருந்தபோது 1756இல் காப்பி தடைசெய்யப்பட்டது. பிறகு தளர்த்தி, மீண்டும் தடைசெய்து, மீண்டும் தளர்த்தி என்று நூற்றாண்டின் இறுதிவரை அரசு மக்களின் கோப்பையோடு போரிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காப்பிக்கொட்டை கிடைக்காமல் வறுத்த பார்லியையும் சீமைக்காட்டுமுள்ளங்கியின் வேரையும் காய்ச்சிக் குடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கோர்விகே', அதாவது பதிலி. காப்பியோடு வந்த 'புல்லா' என்னும் இனிப்பு ரொட்டியைப் பிட்டபோது ஏலக்காய் மணம் எழுந்தது. பனிநாட்டின் பாட்டிமார் தலைமுறைகளாகத் தம்முடையது என்று எண்ணும் மணம் அது. நான் ஏலமலையைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். "இப்போல்லாம் குவாத்தமாலாலேருந்துதான் வருது" என்று தம்பி முடித்துவைத்தான். உலகில் ஏலக்காய் ஏற்றுமதியில் முன்னிற்பது அந்நாடுதான். மறுக்க முடியவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் உருளை வடிவான சிறிய கேக்குகள் இருந்தன. உச்சியில் சர்க்கரைப்பாகு வளையம், நடுவில் ராஸ்பெரிக் குழைவு. பாதாம், ரொட்டித்தூள், சற்று ரம். அதன் பெயர் ரூனெபெரி கேக். யோஹான் லூத்விக் ரூனெபெரி பின்லாந்தின் தேசியக் கவிஞர். எழுதியது சுவீடிஷ் மொழியில். அந்நாட்டின் தேசியகீதம் அவருடைய கவிதை. 1837இல் போர்வோவின் உயர்பள்ளிக்கு இலத்தீன் இலக்கிய ஆசிரியராக வந்து, பின் கிரேக்கம் கற்பித்து, இருபதாண்டுகள் பணியாற்றி, இங்கேயே 1877இல் மறைந்தார். மொழி கற்பித்துச் சம்பளம் வாங்கிய ஒருவரை ஒரு தேசம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்பதில் எனக்குத் தொழில்முறையான ஓர் ஆறுதல். அவர் வீடு 1882இலேயே நினைவில்லமாயிற்று. வேடிக்கை என்னவென்றால் 1852 முதல் இறுதிவரை அவர் வாழ்ந்த அந்த வீடு பழைய மர நகரின் வளைந்த சந்துகளில் இல்லை. எங்கெலின் திட்டப்படி அமைந்த நேர்த்தெருவில் இருக்கிறது.

அவர் மனைவி ஃப்ரெட்ரிகாவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பின்லாந்தின் முதல் வரலாற்று நாவலாசிரியர்களில் ஒருவர். 1858இல் ஒன்று, 1862இல் ஒன்று என இரண்டு நாவல்கள் வெளிவந்தன. எட்டுப் பிள்ளைகளைப் பெற்று ஆறுபேரை வளர்த்த வீட்டில், கிடைத்த இடைவெளிகளில் எழுதியவை. இரண்டாம் நாவலுக்குக் கடுமையான விமர்சனம் வந்தது. 1863இல் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். அதற்குப்பின் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. ஃப்ரெட்ரிகாவின் நாட்கள் அவருக்கு வாசித்துக் காட்டுவதில் சென்றன. தன் எழுத்துவாழ்வைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் அச்சானது 1946இல். ஆனால் மக்கள் நினைவில் ஃப்ரெட்ரிகா யார்? அந்த கேக்கைச் செய்தவர். அவருடைய கையெழுத்துச் சமையல் குறிப்பேட்டில் அது இருக்கிறது. அதுவும் உள்ளூர் அடுமனைக்காரர் ஒருவரிடமிருந்து வந்த செய்முறையாக இருக்கலாம் என்கிறார்கள். நாவல் போயிற்று, கேக் நின்றது. கேக்குக்கும் கணவர் பெயர்.

நோயில் கிடந்த ரூனெபெரியின் சன்னலருகே கண்ணாடிகளைப் பொருத்தியிருந்தார்கள், வெளியே இரைகொத்தும் பறவைகளை அவர் படுத்தபடியே பார்ப்பதற்காக. ஒரு தேசத்துக்கே அதன் ஏரிகளையும் காடுகளையும் பாடிக்காட்டியவருக்குக் கடைசியில் கிடைத்த இயற்கைக்காட்சி உள்ளங்கையகலக் கண்ணாடியில் வந்துபோன சிட்டுகள். அந்தச் சிறிய கடையில் ஒரு முழ ஆற்றைப் பார்த்தபடி அமர்ந்திருந்தபோது, அவர் அதைக் குறைவென்று நினைத்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காசு கொடுக்கும்போது பெட்டியருகே நின்ற பெண்மணியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், குளிர்காலத்தில் கடையை மூடிவிடுவீர்களா என்று. ஐம்பது வயதிருக்கும், முன்கைவரை மாவு. என்னைச் சற்று வியப்பாகப் பார்த்தார். பிப்ரவரி ஐந்து ரூனெபெரியின் பிறந்தநாள் அல்லவா, அந்தக் கேக்குகளுக்கு உண்மையான பருவமே அதுதான், நாடு முழுக்க அப்போதுதான் சாப்பிடுகிறார்கள், இங்கே சுற்றுலாக்காரர்களுக்காக ஆண்டுமுழுக்கச் செய்கிறோம் என்றார். பிறகு, "பிப்ரவரியில் ஊர்க்காரர்கள் வருவார்கள்" என்றார். ஆறு உறைந்துவிடும், படகுகள் இராது, நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்கத் தொடங்கும். அந்தச் சன்னலில் வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்போது வருகிறார்கள்.

என் அளவுகோல் அங்கே கிடைத்தது. பழைய மரநகரில் ஆற்றங்கரைக் கடையைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கவேண்டியது, இங்கிருந்து என்ன தெரியும் என்பதை அல்ல. ஒன்றுமே தெரியாத மாதத்தில் இது திறந்திருக்குமா என்பதை. காட்சி இல்லாதபோதும் ஆட்கள் வந்து அமரும் கடை ஊரின் உறுப்பு. காட்சி உள்ளவரை மட்டும் நிற்பது ஊரின்மேல் ஒட்டிய தாள். முன்னதில் நாம் விருந்தாளி, பின்னதில் வாடிக்கையாளர் மட்டுமே.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அன்றே தம்பி சொன்னான். நாம் கொடுத்த காசும் சுற்றுலாக் காசுதான், அந்த அம்மாள் ஜூனில் நம்மிடம் சம்பாதிப்பதால்தான் பிப்ரவரியில் ஊர்க்காரர்களுக்குக் கடை திறக்க முடிகிறது, மிதவை மேடையில் உட்காரும் நூறுபேர் இல்லாவிட்டால் இந்தக் கிடங்குகளைப் பழுதுபார்க்க யார் பணம் தருவார்கள் என்றான். உண்மை. வெறுமே கிடக்கும் மரக்கட்டடம் வேகமாக அழியும். உப்புக் கப்பல்கள் இனி வரப்போவதில்லை. கிடங்குகள் ஏதோ ஒன்றாக ஆகத்தான் வேண்டும், காப்பிக்கடையாவது வெட்கப்படவேண்டிய மறுபிறவி அல்ல. என் அளவுகோல் மிதவை மேடைகளை மூடச்சொல்லவில்லை. இரண்டில் ஒன்றுக்கு நான்கு யூரோ தரும் இடத்தில் எதற்குத் தருவது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் நான்கு யூரோக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் ஒரு தெருவில் எது நீடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எங்கெலின் வரைபடத்துக்கு ஊரார் ஒத்துழைக்க மறுத்ததுபோல நாம் ஒரு தரவரிசைக்கு ஒத்துழைக்க மறுக்கலாம். இது சற்று மிகையான ஒப்பீடு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மரநகரில் ஒவ்வொரு காப்பிக்கடையும் ஓர் அடுப்பு. 1760இன் தீ ஓர் அடுப்பிலிருந்து வந்தது என்ற கதையை அந்த ஊரார் மறப்பதில்லை. 2006 மே மாதத்தில் தேவாலயத்தின் கூரை எரிந்தது. யாரோ வைத்த தீ. பல நூற்றாண்டுகள் நின்ற கட்டடத்தின் கூரை ஓர் இரவில் சாம்பலாயிற்று. உள்ளே கல்வளைவுக் கூரை தாங்கியதால் பிற பகுதிகள் தப்பின. இரண்டாண்டுகள் பழுதுபார்த்து 2008இல் மீண்டும் திறந்தார்கள். இப்போது பாலத்திலிருந்து எடுக்கும் படத்தில் தெரியும் கூரை அந்தப் புதிய கூரைதான். தன் வீட்டுச் சுவர் எரியக்கூடியது என்று தெரிந்தவர் அடுப்பைக் கவனிக்கும் விதம் வேறு. ஜூனில் வந்து ஆகஸ்டில் போகும் கூலியாளிடம் அந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. மாவு படிந்த கையோடு பெட்டியருகே நின்ற அந்தப் பெண்மணி என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இருமுறை திரும்பி அடுமனைப் பக்கம் பார்த்தார்.

மாலையில் மேற்குக் கரைக்குப் போனோம். எட்டுமணி இருக்கும். நான் முன்பே சொன்ன ஒளி வந்திருந்தது. கிடங்குகள் உள்ளிருந்தே கனல்வது போலிருந்தன. நீரில் இன்னொரு வரிசை. தம்பி படமெடுத்துக்கொண்டே இருந்தான். நானும் எடுத்தேன், பதினெட்டுப் படங்கள். "இதுக்குத்தான் காலைலேயே இங்க வரலாம்னேன்" என்றான், அவன் அப்படிச் சொல்லவேயில்லை. எங்கள் கடையின் சன்னலை அந்த வரிசையில் கண்டுபிடிக்க முயன்றேன். எல்லாச் சன்னல்களும் ஒரே அளவில், ஒரே இருட்டில் இருந்தன. மிதவை மேடைகளில் பாட்டு கேட்டது. ஒன்பதேகால் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி கிளப்பிவிட்டான்.